தயாரித்தவர் பெயர் இல்லாத நாற்பத்தொரு பிள்ளைகள்

ஆகஸ்ட் பதினேழாம் தேதி காலையில் காந்திமதி நகரின் இரண்டு தெருப் பிள்ளைகளும் தூங்கி எழுந்தபோது, ஒவ்வொருவர் இடது கையின் உட்புறத்திலும், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், கறுப்பு மையில் அச்சடித்த மாதிரி சில வரிகள் வந்திருந்தன. மூலையில் ஒரு பச்சைக் கட்டம், கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி, கீழே ஒரு நீளமான எண், எல்லாம் பிஸ்கட் பாக்கெட்டின் முதுகில் இருப்பது போலவே ஒழுங்காக, நேராக, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

செயற்கை இனிப்பூட்டி கலந்தது. குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் வைக்கவும். திறந்த பின் ஏழு நாட்களுக்குள் பயன்படுத்தவும். தயாரித்த நாளிலிருந்து முப்பது நாட்கள் வரை நன்றாக இருக்கும்.

முதலில் பபிள்கம்மோடு வருகிற ஸ்டிக்கர் என்று நினைத்து எல்லாத் தாய்மாரும் அவரவர் பிள்ளையை ஓர் அடி வைத்தார்கள், பிறகு தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தார்கள், எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய், நகப்பூச்சு அழிக்கிற திரவம், கடைசியில் பாத்திரம் தேய்க்கிற கம்பி வரைக்கும் போனார்கள், தோல் சிவந்ததே தவிர எழுத்து அசையவில்லை, பத்து மணிக்கு எண்ணிப் பார்த்தபோது மொத்தம் நாற்பத்தொரு பிள்ளைகள், அதில் என் மகள் தாரிணியும் ஒருத்தி, எட்டு வயது, கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்தவள்.

ஏன் வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

எங்கள் காலனியில் ஒவ்வொரு சுதந்திர தினத்துக்கும் கொடியேற்றி முடித்ததும் ஒரு வீட்டுக் கேசரி. முறை வைத்து வரும். அந்த வருஷம் பதினாலாம் நம்பர் வீடு, அதாவது நான். காலனியில் ஆண்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி, அது இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போன வருஷம் மூன்று கரண்டி வாங்கித் தின்றவர்கள், இந்த வருஷம் திடீரென்று பொறுப்பு வந்து சங்கத்தில் தீர்மானம் போட்டார்கள்: பெரியவர்களுக்குச் சீனி இல்லாத கேசரி ஒரு அண்டா, பிள்ளைகளுக்குச் சீனி போட்டது ஒரு அண்டா. தீர்மானம் போடுகிறவர்கள் யாரும் அண்டா கழுவுகிறவர்கள் இல்லை. என் வீட்டுக்காரர் பாலகுரு, அவருக்கும் சர்க்கரைதான், மொத்தக் கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையில் வெள்ளைப் பொடி வாங்கி வந்தார், வாயில் ரப்பர் பேண்டு போட்டது, ஒரு கரண்டி போட்டால் ஒரு கிலோ சீனிக்குச் சமம் என்று கடைக்காரன் சொன்னானாம். நான் கான்வென்டில் படித்தவள், எதை வாங்கினாலும் முதுகைத் திருப்பி ஒரு வரி விடாமல் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு, தீப்பெட்டியைக் கூட விட்டதில்லை. அந்தப் பையைத் திருப்பிப் பார்த்தேன், படிக்க ஒன்றும் இல்லை. படிக்க ஒன்றும் இல்லாததால் பயப்படவும் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரே அண்டாதான் கிண்டினேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து இரண்டு தடவை ரவை வறுக்க என்னால் முடியாது. பொடியைப் போட்டு ஒரே அண்டாவாகக் கிண்டி, இரண்டு தூக்குப் போணியில் பிரித்து, ஒன்றின் கழுத்தில் சிவப்புத் துணி, ஒன்றில் நீலத் துணி கட்டி அனுப்பினேன். சங்கச் செயலாளர் செண்பகராமன், பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ரிடையர் ஆனவர், இரண்டிலும் ருசி பார்த்துவிட்டு, என்ன இருந்தாலும் பிள்ளைகளுடைய கேசரியில் சீனியின் அந்த மணமே தனி என்று மைக்கில் சொன்னார். நான் சிரித்துக்கொண்டேன்.

பையின் மேல் இருந்திருக்க வேண்டிய எழுத்து எங்கேயாவது ஓரிடத்தில் வந்துதானே ஆக வேண்டும். பெரியவர்கள் தின்னக்கூடியதுதான், அவர்கள் கையில் அதற்கு வேலை இல்லை. பிள்ளைகள் கையில் வந்துவிட்டது.

எழுத்தைக் கழுவ முடியாது என்று தெரிந்ததும் காலனி என்ன செய்தது என்றால், எழுத்துக்குக் கட்டுப்பட ஆரம்பித்தது. வெயில் படாத இடம் என்று இருந்ததால் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைக்கப்பட்டார்கள். ஈரமில்லாத இடம் என்று இருந்ததால் குளிப்பாட்டுவது நின்றது, மூன்றாம் நாள் தெருவே புளித்த மோர் மாதிரி நாறியது. ஏசி இருக்கிற ஒரே வீடான மாடி வீட்டின் ஹாலில் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை இருபது பிள்ளைகளைப் பாய் விரித்து வரிசையாகப் படுக்க வைத்தார்கள், மாடி வீட்டுக்காரி அதுவரை யாரையும் செருப்போடு படியேற விடாதவள், இப்போது அவள் கதவைத் திறக்கிற நேரத்துக்காகத் தாய்மார் காத்து நின்றார்கள். அடுத்த வீட்டு ஜெசிந்தாவின் இரட்டைப் பையன்கள் ரீகனும் ரோகனும் ஞாயிற்றுக்கிழமை கறி இல்லையென்றால் தட்டைத் தூக்கி எறிகிறவர்கள், அவர்கள் கையிலும் பச்சைப் புள்ளி இருந்ததால் அவள் முட்டை கூடக் கொடுக்கப் பயந்தாள். இதுகள் சைவம்னு எழுதியிருக்கேக்கா, நான் மீனைக் குடுத்து என்னமும் ஆகிட்டா யாரைக் கேக்க என்று என்னிடம் வந்து அழுதாள். என் இங்கிலீஷ் மேல், என் படிப்பு மேல் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. பிள்ளைகளுடைய ஸ்கூல் டைரியில் வருகிறதைக் கூட நான்தான் படித்துச் சொல்வேன்.

குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்ற வரிதான் எல்லாவற்றையும் விட மோசம். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளின் பெற்றோர் திரண்டு வந்து, கையிலேயே எழுதியிருக்கிறது, குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று, பிறகு எங்கள் குழந்தைகளோடு எப்படி உட்கார வைக்கலாம் என்று கேட்டார்கள், அதில் நியாயம் இருக்கிற மாதிரிதான் பட்டது, எங்கள் நாற்பத்தொன்றையும் சைக்கிள் ஷெட்டில் தனியாக உட்கார வைத்தார்கள், இரண்டு நாள் கழித்து வரவே வேண்டாம் என்றார்கள். தாரிணி வீட்டுக்கு வந்து தன் கையைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, நானே குழந்தைதானேம்மா, எனக்கு நானே ஏற்றதில்லையா என்று கேட்டாள். பேசாமல் பாலைக் குடி என்றேன்.

யாரையாவது பிடித்தாக வேண்டும் இல்லையா. தெருமுனையில் மணியடித்துப் பஞ்சு மிட்டாய் விற்கிற வேலாண்டியைப் பிடித்தார்கள். பிள்ளைகளுக்கென்றே விற்கிறவன், ரோஸ் கலரில் விற்கிறவன், வேறு யாராக இருக்கும் என்று ஆண்கள் ஏழெட்டுப் பேர் போய் அவன் வண்டியைக் கவிழ்த்தார்கள். மணி உருண்டு எங்கள் வாசல் வரை வந்தது. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவன் வண்டியை நிமிர்த்தி, மணியைத் தேடினான், கிடைக்காமல் போனான். அதற்குள் நான் எடுத்து ஒளித்துவிட்ட மணி என் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்தது, அந்தப் பொடிப் பையின் பக்கத்தில்.

அன்றைக்கே பாலகுருவிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

முப்பது நாள் கணக்கில் காலனி இரண்டாகப் பிரிந்தது. தயாரித்த நாள் என்றால் பிள்ளை பிறந்த நாள், அப்படியென்றால் முப்பது நாள் எப்போதோ முடிந்து பிள்ளைகள் எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்றது முதல் தெரு. இரண்டாம் தெரு அவ்வளவு தைரியமில்லாதது. எழுத்து வந்தது பதினேழாம் தேதி, உள்ளே போனது எதுவானாலும் தோலுக்கு வர இரண்டு நாள் ஆகும், ஆகவே செப்டம்பர் பதினாலு என்று விரல்விட்டு எண்ணியது. அவர்கள் எண்ணுவதைக் கேட்டுக்கொண்டே நான் கீரை ஆய்ந்தேன். இரண்டாம் தெரு சொல்வதுதான் சரி என்று எனக்குத் தெரியும். நாள் நெருங்க நெருங்க முதல் தெருக்காரர்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பூஜை அறையில் வைத்தார்கள்.

இருபத்தைந்தாம் தேதி மாலை நாலரை மணிக்குத் தாரிணி மாடிப் படியில் வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். எட்டணா அகலத்துக்குத் தோல் போய் ரத்தம் வந்தது. சத்தம் கேட்டு ஓடி வந்த ஜெசிந்தா மஞ்சள் தூளை அள்ளிக்கொண்டு வந்தவள், பாதி வழியில் அப்படியே நின்றாள்.

“அக்கா,” என்றாள், “திறந்துருச்சே.”

எனக்கு அதுவரை தோன்றவில்லை. திறந்த பின் ஏழு நாட்கள். மற்ற நாற்பது பிள்ளைகளுக்கும் இன்னும் இருபது நாள் இருந்தது, என் பிள்ளைக்கு மட்டும் செப்டம்பர் ஒன்றாம் தேதி மாலை நாலரை மணி வரைதான். அன்று சாயங்காலமே காலனி முழுக்கப் பிள்ளைகளுக்கு முழுக்கால்சட்டை, முழுக்கைச் சட்டை, காலுறை, விளையாட்டு நிறுத்தம், நகம் வெட்டுவது நிறுத்தம், ஒரு வீட்டில் பையனைத் தலையணைகளுக்கு நடுவில் கட்டிலில் உட்கார வைத்துச் சோறு ஊட்டினார்கள். தாரிணி தன் முழங்காலையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மா, நான் கெட்டுப் போயிருவேனா?”

“உளறாம படு.”

“ரவை உப்புமா ஒரு நாள்லயே கெட்டுப் போச்சே.”

அவள் தூங்கின பிறகு பக்கத்தில் குனிந்து மோந்து பார்த்தேன். பெற்ற பிள்ளையை, பழைய குழம்பை மோந்து பார்க்கிற மாதிரி.

இருபத்தேழாம் தேதி ஜீப்பில் அதிகாரி வந்தாள். மங்கையர்க்கரசி என்று பெயர், என் வயதுதான், தூக்கமில்லாத கண், தோளில் பை, பைக்குள் சீல் வைக்கிற அரக்கும் கண்ணாடி பாட்டில்களும் ஒரு அடிக்கோலும். எழுத்தைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவில்லை. போன மாதம் வேறொரு ஊரில் இதே மாதிரி ஆடுகள் மேல் வந்ததாகவும், அங்கே எழுத்து ரொம்பச் சின்னதாக இருந்ததால் அது வேறு வழக்காகப் போய்விட்டதாகவும் சொன்னாள். சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு கையாகத் திருப்பி, அடிக்கோலை வைத்து எழுத்தின் உயரத்தை அளந்தாள். மூன்று மில்லிமீட்டர், சரி. பச்சைப் புள்ளி, சரி. எச்சரிக்கை வாசகம் தனிக் கட்டத்தில், சரி. தொகுதி எண் இருக்கிறது, நாற்பத்தொன்றுக்கும் ஒரே எண். கடைசிக் கையையும் பார்த்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

தயாரித்தவர் பெயரும் முகவரியும் இல்லை என்றாள். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, அது ஒன்றுதான் இல்லை. அது இருந்தால் சட்டப்படி எல்லாவற்றையும் தயாரித்தவரிடமே திரும்ப ஒப்படைத்துவிட்டு, என்ன ஆனாலும் நீதான் பொறுப்பு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடலாம், அது இல்லாததால் இது உரிமையாளர் இல்லாத பொருள், உரிமையாளர் இல்லாததை அரசாங்கம்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். நாளைக் காலை வண்டி வரும். அவள் இதைக் கொடூரமாகச் சொல்லவில்லை. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க என்னென்ன வேண்டும் என்று சொல்வது மாதிரிச் சொன்னாள்.

தாய்மார் கத்தவில்லை. பத்து நாள் பயந்து பயந்து ஓய்ந்து போயிருந்தார்கள், யாராவது வந்து, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், எங்களிடம் பெரிய ஏசி இருக்கிறது, டாக்டர் இருக்கிறார் என்று சொன்னால் போதும் என்கிற நிலைக்கு வந்திருந்தார்கள். எங்கே வைப்பீர்கள், சாப்பாடு உண்டா, நாங்கள் பார்க்க வரலாமா என்று கேட்டார்கள். மங்கையர்க்கரசி பையிலிருந்து ஒப்புதல் படிவத்தை எடுத்தாள். நாற்பத்தொரு பிரதி, இங்கிலீஷில். செண்பகராமன் வாங்கிக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார், தூரத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு கான்வென்ட்ல படிச்சவங்க படிங்கம்மா என்று என்னிடம் நீட்டினார்.

நான் எழுந்து படித்தேன். ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னேன். கீழ்க்கண்ட பொருளை மேற்படி அதிகாரி வசம் ஒப்படைக்கிறேன். பொருள் அரசுக் கிடங்கில் உரிய வெப்பநிலையில் வைக்கப்படும். பொருளின் காலாவதித் தேதி வரை யாதொரு உரிமையும் கோர மாட்டேன். கடைசி வரி ஒன்று இருந்தது. அதன் கடைசிச் சொல்லை நான் நாலாம் வகுப்பில் டிக்டேஷனில் சரியாக எழுதிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன். காலாவதிக்குப் பின் பொருள் விதிகளின்படி அழிக்கப்படும் என்று அர்த்தம்.

“கடைசியில என்னக்கா போட்டிருக்கு?” என்று ஜெசிந்தா கேட்டாள்.

“அப்புறம் விதிகளின்படி பத்திரமா பாத்துப்பாங்களாம்,” என்றேன்.

அப்படிச் சொன்ன வாய் இதே வாய்தான். ஏன் சொன்னேன் என்றால், அந்த ஒரு சொல்லைச் சொன்னால் கூடம் எழுந்து நிற்கும், எழுந்து நின்றால் யார் செய்தது என்று கேட்கும், கேட்டால் சிவப்புத் துணியும் நீலத் துணியும் வெளியே வரும். அதுவரை நினைக்கத்தான் என் புத்திக்கு நேரம் இருந்தது. மங்கையர்க்கரசி மட்டும் தலையைத் தூக்கி என்னை ஒரு முறை பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டாள்.

ஜெசிந்தா இரண்டு பிரதியையும் மடியில் வைத்து, ரீகனுக்கு ஒன்று, ரோகனுக்கு ஒன்று என்று பிரித்து, பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றினாள். கையெழுத்துப் போடத் தெரிந்தவள்தான், ஆனால் மெதுவாகப் போடுவாள், ஒவ்வொரு எழுத்தையும் வரைவாள். ஜெ போட்டாள். சி போட ஆரம்பித்தாள். தாரிணி என் பக்கத்தில் நின்று என் முந்தானையைப் பிடித்திருந்தாள், அவளுக்கும் ஒரு பிரதி என் கையில் இருந்தது.

“போடாத, ஜெசிந்தா,” என்றேன்.

பாலகுரு ஆண்கள் வரிசையிலிருந்து, ஹேமா, வாயை மூடு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

“அழிச்சிருவாங்கன்னு போட்டிருக்கு. நான் மாத்திச் சொல்லிட்டேன். கேசரி ஒரே அண்டாதான். துணி மட்டும்தான் ரெண்டு.”

யாருக்கும் உடனே புரியவில்லை, பிறகு ஒவ்வொரு முகமாகப் புரிந்துகொண்டே வந்தது, முன் வரிசையிலிருந்து பின் வரிசை வரைக்கும், கரண்ட் வருகிற தெருவில் விளக்கு எரிகிற மாதிரி. செண்பகராமன் தன் நாக்கைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஜெசிந்தா பேனாவை மூடினாள்.

“ரெண்டு அண்டான்னு சொன்னியேக்கா,” என்றாள். “எம் பிள்ளைகளுக்கு நீதான ரெண்டாவது கரண்டி வச்ச.”

அவ்வளவுதான் சொன்னாள்.

மங்கையர்க்கரசி வேறொரு படிவத்தை எடுத்து மேஜையில் வைத்து, ஒரு காலி இடத்தை விரலால் காட்டினாள். பெயர் மட்டும் போதாது, கதவு எண்ணோடு முழு முகவரி வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது என்றாள். எழுதினேன். பா. ஹேமலதா, 14, இரண்டாம் தெரு, காந்திமதி நகர். என் கான்வென்ட் கையெழுத்தில், சாய்வாக. நான் ஒவ்வொரு எழுத்தாக எழுத எழுதப் பின்னால் பிள்ளைகள், கூசுது கூசுது என்று நெளிந்தார்கள், திரும்பிப் பார்த்தபோது நாற்பத்தொரு கைகளிலும் கடைசி வரியாக என் பெயரும் வீட்டு நம்பரும் வந்திருந்தது, அச்சு எழுத்தில் இல்லை, என் கையெழுத்தில்.

அதிகாரி அடிக்கோலை வைத்து அளந்து பார்த்தாள். சரி என்றாள். பொருள்கள் நாற்பத்தொன்று, தயாரித்தவரிடம் ஒப்படைக்கப்பட்டன என்று எழுதி ரசீது கொடுத்தாள். வண்டி வர வேண்டாம் என்று போனில் சொன்னாள்.

சட்டம் சட்டம்தான், பெற்றவர்களிடம் ஒப்படைக்க அதில் இடம் இல்லை. காலாவதித் தேதி வரை நாற்பத்தொரு பிள்ளைகளும் என் வீட்டில் இருந்தார்கள். இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஒரே கக்கூஸ். அலமாரிக்குள் இரண்டு பேர் தூங்கினார்கள். குளிப்பாட்டலாம் என்று அதிகாரி சொன்னதால் முதல் வேலையாக எல்லாரையும் வரிசையில் நிறுத்திக் குளிப்பாட்டினேன். தாய்மார் மூன்று வேளையும் சாப்பாட்டைத் தூக்கில் கொண்டுவந்து காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டு, பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார்கள். நான் சமைக்கக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தை நான் மீறவில்லை. என் மகளுக்கும் ஜெசிந்தாதான் சோறு அனுப்பினாள், தனி டப்பாவில், மேலே தாரிணி என்று எழுதி ஒட்டி. பாலகுரு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார், சர்க்கரை ஏறிவிட்டது என்று போன் வந்தது.

செப்டம்பர் ஒன்றாம் தேதி மூன்று மணியிலிருந்தே என் கேட்டுக்கு வெளியே காலனி கூடிவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. தாரிணிக்கு என்ன ஆகிறதோ அதுதான் பதினாலாம் தேதி தங்கள் பிள்ளைக்கும் ஆகப் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கோலம் போடுகிற இடத்தில் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தேன், வீட்டுக்குள் வைத்தால் மறைக்கிறேன் என்பார்கள். அவள் இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள், எல்லாரும் அவள் மெல்லுவதைப் பார்த்தார்கள், விழுங்குவதைப் பார்த்தார்கள், ஒரு முறை இருமினாள், கேட்டுக்கு வெளியே அறுபது பேருக்கும் மூச்சு நின்றது. நான் பின்னால் நின்று அவள் உச்சந்தலையில் கை வைத்திருந்தேன், சூடாக இருக்கிறதா, ரொம்பச் சூடாக இருக்கிறதா, இல்லை ஆறிக்கொண்டு வருகிறதா என்று என் கைக்கே தெரியவில்லை. கன்னி மரியே என்று என் வாய் தானாக முணுமுணுத்தது, முருகா என்றும் சொன்னது, பதினாறு வயது வரை படித்த ஜெபங்களும் அதற்குப் பின் கற்றுக்கொண்ட ஸ்லோகங்களும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்தன.

நாலரை ஆயிற்று. செண்பகராமன், வேலையில் இருந்தபோது பஸ் கிளம்புகிற நேரத்தைச் சொன்ன அதே குரலில், நாலு முப்பது என்றார்.

தாரிணி குனிந்து முழங்காலைச் சொறிந்தாள். காய்ந்த பொருக்கு உதிர்ந்தது, கீழே ரோஸ் நிறத்தில் புதுத் தோல் இருந்தது. அவள் கையில் முதல் வரியின் முதல் எழுத்து அசைந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கையிலிருந்து இறங்கி, நாற்காலிக் கால் வழியே தரைக்கு வந்து, ஒன்றன் பின் ஒன்றாகப் படியேறி, ஹாலைக் கடந்து, சமையலறைக்குள் அரிசி டிரம்முக்குப் பின்னால் போயின. ஜெசிந்தா கேட்டைத் திறந்துகொண்டு என்னைத் தாண்டி அவற்றின் பின்னாலேயே போனாள், டிரம்மை நகர்த்தினாள், அந்தப் பிளாஸ்டிக் பையின் மேல் எழுத்துகள் அவையவை தம் இடத்தில் உட்கார்ந்துகொண்டிருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். பக்கத்தில் வேலாண்டியின் மணி கிடந்ததையும் பார்த்தார்கள். அதை ஜெசிந்தா எடுத்துத் துடைத்து, என் கையில் கொடுத்து, நீயே போய்க் குடு என்றாள். மறுநாள் போய்க் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டு ஒரு முறை அடித்துப் பார்த்தான், அவ்வளவுதான், அதற்குப் பிறகு எங்கள் தெருப் பக்கம் அவன் வரவே இல்லை.

தாரிணி கையில் என் பெயர் இருந்த கடைசி வரி மட்டும் போகவில்லை. பதினாலாம் தேதி மற்ற நாற்பது கைகளிலிருந்தும் எழுத்துகள் ஊர்ந்து வந்து அதே பையின் மேல் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டபோதும் அந்த வரி போகவில்லை. பையை மங்கையர்க்கரசி வந்து அரக்கு வைத்து எடுத்துப் போனாள். வரியை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டேன். அது எடுக்கிறதில்லம்மா, அது இருக்கணும்கிறதுக்குத்தான் சட்டமே என்றாள்.

பத்து வருஷம் ஆகிறது. அந்தக் கைகள் வளர்ந்தன, என் பெயரும் தோலோடு சேர்ந்து நீண்டு பெரிதாயிற்று. திருவிழாவில் தொலைந்த ரோகனைப் போலீஸ்காரர் ஒருவர் நேராக என் வீட்டில் கொண்டுவந்து விட்டார். முதல் தெருப் பெண் ஒருத்திக்குக் கல்யாணத்தில் மருதாணி போட வந்தவள் என் முகவரியைச் சுற்றிக் கொடி வரைந்தாள், மாப்பிள்ளை வீட்டார் யார் இந்த ஹேமலதா என்று கேட்டார்கள். ஜெசிந்தா என்னோடு பேசுகிறாள், என் வீட்டில் தண்ணீர் மட்டும் குடிப்பாள். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், தலை சுற்றினாலும், பரீட்சையில் தோற்றாலும் கூட, டாக்டரைப் பார்த்துவிட்டு அடுத்து என் வாசலில் வந்து நிற்பார்கள், கோபமாக இல்லை, தகவல் சொல்ல. காலிங் பெல் அடித்தால் அடுப்பைக் கூட அணைக்காமல் ஓடுவேன். இத்தனைக்கும் பாதி நேரம் அது கூரியர்தான்.

வருஷத்துக்கு ஒரு முறை, செப்டம்பரில், மாவட்ட ஆபீஸிலிருந்து நீளக் கவர் வரும். தங்களால் தயாரிக்கப்பட்ட பொருட்களின் தற்போதைய நிலை என்ன, எண்ணிக்கை என்ன, பதினைந்து நாட்களுக்குள் தெரிவிக்கவும். நான் உட்கார்ந்து நாற்பத்தொரு பேருக்கும் போன் போடுவேன். சென்னையில் இருக்கிறவன், துபாயில் இருக்கிறவன், முழுகாமல் இருக்கிறவள், எல்லாரும் என் நம்பரைப் பார்த்தாலே சிரித்துக்கொண்டு, உயிரோடதான் இருக்கோம் ஆன்ட்டி, டிக் பண்ணிக்கோங்க என்பார்கள். தாரிணியைக் கடைசியாகத்தான் கூப்பிடுவேன். வெளியூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள், அங்கே மெஸ்ஸில் என்ன போடுகிறார்கள், எந்தப் பையிலிருந்து போடுகிறார்கள், பையின் முதுகில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இன்று நாற்பது பேர் முடிந்துவிட்டது. அவளுக்கு மணி போய்க்கொண்டே இருந்தது. குளித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். ஐந்து, ஆறு. போனை சைலண்டில் போட்டிருப்பாள். ஏழு, எட்டு. பேனாவை இறுக்கிப் பிடித்ததில் விரல் வெளுத்துப் போயிருந்தது. ஒன்பதாவது மணியில் எடுத்தாள்.

“இருக்கேம்மா,” என்றாள். “எழுதிக்கோ.”

எண்ணிக்கை என்ற இடத்தில் 41 என்று எழுதினேன். அவசரத்தில் ஒன்று ஏழு மாதிரி விழுந்தது. அடித்தல் திருத்தல் கூடாது என்பதால் புதுப் படிவம் எடுத்து முதலிலிருந்து எழுத ஆரம்பித்தேன், என் பெயரிலிருந்து.